வாசனை போன கை

நேற்று மாலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கம் கூடி, குரோம்பேட்டையின் எதிர்காலத்தையே நிர்ணயிக்கும் முகபாவத்துடன் ஒரு முடிவெடுத்தது: மழையில் நனைந்த தோல் செருப்புகளை இனி யாரும் படிக்கட்டில் விடக் கூடாது. நாற்றம் தாங்கவில்லையாம். நானும் கை தூக்கினேன். பிறகு படியிறங்கும்போது ஒரு ஜோடி ஈரச் செருப்பின் அருகே சற்று நேரம் நின்றேன். நீ பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

நாம் வேலை பார்த்த தோல் தொழிற்சாலை இந்த இடத்தில்தான் இருந்தது. நீ தோலில் முடி நீக்கும் சுண்ணாம்புக் குழியில், நான் ஆபீசில். எண்பதுகளில் அஸ்தினாபுரம் பஸ்ஸில் உன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "எனுக்கு மட்டும் ரெண்டு சீட்டு மச்சான்" என்று காலை நீட்டிக்கொள்வாய்.

தொண்ணூறுகளில் பல்லாவரம் வரை ஒவ்வொரு தோல் ஷெட்டாக மூடிக்கொண்டே வந்து, ஒரு காலையில் நம் கேட்டிலும் பூட்டுத் தொங்கியது. சில மாதங்களில் உன் மகளுக்கு ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு வேலையில்லை என்று தெரிந்தால் போய்விடுவார்கள் என்று மறைத்தாய். அதோடு நிற்காமல், எலுமிச்சையும் சீயக்காயும் போட்டு நாள் தவறாமல் கையைத் தேய்த்தாய்.

"வரவங்க மூக்கப் பொத்திக்கினா காபி குடிக்கிறது?" என்றாய்.

மாப்பிள்ளையின் அப்பாவும் தோல் ஷெட்டில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதைத் தரகர் நம்மிடம் சொல்லவில்லை. வந்ததும் உன் கையைப் பிடித்தவர், அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா சம்மந்தி, வேலய வுட்டு எத்தினி மாசம் ஆவுது?"

"லீவுல கீறேன்."

"லீவுல போற நாத்தமா இது? நான் ரிட்டையராயி ரெண்டு வருசம் ஆச்சு. இன்னும் என் தலகாணில அடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். ஏற்கெனவே பொருந்தியிருந்த ஜாதகம் பொருந்தவில்லை என்று அடுத்த வாரம் தரகர் வந்து சொன்னார். "நாத்தத்தையாவது வச்சிகினு இருந்திருக்கலாம் மச்சான்" என்றாய்.

இன்றும் யாராவது கை கொடுத்தால், என்னையறியாமல் என் கையை முகர்ந்து பார்க்கிறேன். சோப்பு வாசனைதான் வருகிறது.

அந்த வரன் போன அடுத்த மாதமே உன் மகள் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போதும் உன் வீட்டிலிருந்துதான் அங்கே போய்வருகிறாள்.