வாசலில் தெளித்த தண்ணீர்

அன்புள்ள மஹ்லியோ,

நீயும் மகளும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. தாஷ்கண்டில் வெயில் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

நேற்று மாலை ஒரு வேடிக்கை நடந்தது. வேலை விட்டு வந்ததும் நம் ஊர்ப் பழக்கத்தில் வாசலில் தண்ணீர் தெளித்தேன். மண் வாசனைக்குப் பதிலாகத் தார்ச் சாலையிலிருந்து ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. வீட்டுக்கார அக்கா ஹம்ரோபீபி சிரித்துவிட்டாள்.

"ஏன்டா தம்பி, தெருவோர வாய்க்காலை மூடினதும் நீ, நிழல் மரத்தை வெட்டினதும் நீ. இப்போ ஒரு வாளித் தண்ணியில தெருவையே குளிர வைக்கப் போறியா?"

"மேஸ்திரி சொன்னாரு, செஞ்சேன் அக்கா."

"காத்தை மறிச்சுக்கிட்டு நிக்குதே அந்தச் சுவர், அதையும் மேஸ்திரியா கட்டினாரு?"

அவள் சொன்னது எங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்கும் அடுக்குமாடியை. பன்னிரண்டு மாடியிலும் என் கை வைத்த செங்கல் இருக்கிறது. என் அறை ஜன்னல் அதற்குப் பின்னால்தான். அந்தக் கட்டடத்துக்கு 'மலைக்காற்று இல்லம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

என் மெல்லிய பருத்திச் சட்டையை யாரிடமாவது கொடுத்தனுப்பு. நம் வாசல் மல்பெரி மரத்தில் யாரையும் கை வைக்க விடாதே. வேலைக்கு லாரி வந்துவிட்டது. அப்பா என்ன செய்கிறார் என்று மகள் கேட்டால், வீடு கட்டுகிறார் என்று மட்டும் சொல். எதை வெட்டிவிட்டு என்று சொல்லாதே.

உன் நோர்மத்