கணப்பு வைத்த வீடு

ஒரே ஒரு குளிர்காலம் தங்கிய வீட்டுக்காக ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் எப்படி ஏங்க முடியும்? நீங்கள் உயிரோடு இருந்தவரை இதை நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பீர்கள். இப்போது என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.

இன்று சாயங்காலம் காலேஜிலிருந்து திரும்பும்போது தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக் கடையில் நின்றேன். தலைவலி மாத்திரைக்காகத்தான். கண்ணாடி அலமாரியில், கிரைப் வாட்டருக்கும் பேபி பவுடருக்கும் நடுவில் அந்தச் சின்ன மஞ்சள் டின் இருந்தது. ஆலிவ் எண்ணெய். நீங்கள் போன இந்த இரண்டு வருடத்தில் நான் அதை வாங்கியதில்லை. யோசிப்பதற்கு முன் கை நீட்டிக் காட்டிவிட்டேன். கடைக்காரர் புதியவர். "கொழந்தைக்கா மேடம்? ஒடம்புல தடவுறதுக்கு இதான் பெஸ்ட்" என்றார்.

இதே கேள்வியைப் பழைய கடைக்காரர் உங்களிடம் கேட்டபோது நீங்கள் நெஞ்சைத் தட்டிக் காட்டி, "கொழந்தைக்குத்தான். நாப்பத்தஞ்சு வயசு ஆகுது" என்றீர்கள். நமக்குக் குழந்தை இல்லை என்பது அந்தச் சிரிப்பில் கரைந்து போயிற்று. எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் டின்னைத் திறந்தேன். நல்ல வாசனை என்று சொல்ல மாட்டேன். லேசாகக் காறல். நீங்களே சொல்வீர்கள்: "இது அது இல்ல. அதோட போட்டோ."

அந்த வீட்டைப் பற்றி நீங்கள் முதலில் சொன்னது நமக்குக் கல்யாணமான புதிதில். ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் இத்தாலியில் இருந்தபோது, ஆற்றுப் பாலம் உடைந்து கிடக்க, பனி கொட்டிக்கொண்டிருக்க, உங்களில் சிலரை மலைச் சரிவில் ஒரு கல் வீட்டில் தங்கவைத்தார்கள். கீழே கோவேறு கழுதைக்கு ஓர் அறை. மேலே மனிதருக்கு ஓர் அறை. படிக்கட்டு வீட்டுக்கு வெளியே. உள்ளே குளிர்காயச் சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு. வீட்டுக்காரக் கிழவர் தனியாள். சண்டைக்குப் போன மகன் திரும்பவில்லை. ரொட்டியை நெருப்பில் வாட்டி, பூண்டைத் தேய்த்து, அதன் மேல் எண்ணெய் ஊற்றி உங்களுக்கு நீட்டுவார். அவர் பேச்சு உங்களுக்குப் புரியாது, உங்கள் தமிழ் அவருக்குப் புரியாது. நீங்கள் கிளம்பிய அன்று வீட்டையும் உங்களையும் மாறி மாறிக் காட்டி, சண்டை முடிந்ததும் வந்து இதை வாங்கிக்கொள் என்றாராம்.

"பாஷை தெரியாம அது எப்படிப் புரிஞ்சுது?" என்றேன்.

"கையால சொன்னாரு."

"ஜாக்கிரதையா போயிட்டு வான்னுகூடச் சொல்லியிருக்கலாமே?"

உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து அந்தச் சந்தேகத்தை நான் மறுபடி எழுப்பவில்லை. சந்தேகம் மட்டும் இன்றும் இருக்கிறது.

நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியர் வேலை நிலைத்ததும், வெளிநாட்டில் வீடு வாங்க என்ன வழி என்று ஒரு பாங்கில் போய் விசாரித்துவிட்டு வந்தீர்கள். அதை நீங்களே நடித்துக் காட்டுவீர்கள். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, குமாஸ்தா குரலில்: "இத்தாலியா? சார், பல்லாவரத்துல வாங்கறதே இங்க பெரும்பாடு. ஊட்டி மாதிரி ஏதாவது பாருங்களேன்?" நான் விழுந்து சிரிப்பேன். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் எனக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவீர்கள்.

அதற்கப்புறம்தான் பாய் வந்தார். மார்க்கெட் பக்கம் மனை, வீடு முடித்துக் கொடுக்கும் தரகர். உங்கள் ஆசையை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பீர்க்கன்கரணை ஏரிக்குக் கிழக்கே, குன்றின் சரிவில் ஒரு சின்ன வீடு இருக்கிறது என்றார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலோ இந்தியர் கட்டியது. குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகிறார்.

மூவரும் மேலே ஏறினோம். கருங்கல் சுவர், பாதி ஓடு போன கூரை, ஓர் அறை, பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை. அறைச் சுவரில், சாட்சாத் ஒரு கணப்பு. மேலே புகைபோக்கி. அந்தக் கார்டு இங்கிலாந்தைப் பார்த்ததே இல்லையாம். காலண்டர் படத்தைப் பார்த்துக் கட்டினாராம்.

"சார், உண்மைய சொல்லிட்றேன்" என்றார் பாய். "கெணறு கீய கீது, தண்ணி தூக்கிகினு ஏறணும். கரண்ட் கெடையாது. இத்த பாருங்க, வூட்டுக்குள்ள குளிர்காயற அடுப்பு! தாம்பரத்துல எவன் சார் குளிர் காய்வான்? இங்க நாமளே வெந்துகினு கீறோம்."

"பாய், நீங்க விக்க வந்தீங்களா, தடுக்க வந்தீங்களா?" என்றேன்.

"மேடம் மூஞ்சிய பாத்துகினுதான் பேசறேன். நாளைக்கு என்னைத் திட்டக் கூடாது பாருங்க."

நீங்கள் இரண்டையும் கேட்கவில்லை. ஜன்னலுக்குப் போய்விட்டீர்கள். கீழே ஏரி முழுவதும் வெயில். கரைக்கு அப்பால் பனை மரங்கள், ரயில் பாதை, செங்கல்பட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டியின் புகை. திரும்பாமலே சொன்னீர்கள்: "வீடு எப்படி இருக்குன்னு பாக்காத. எங்க பாக்குதுன்னு பாரு."

என்னிடம் நியாயங்கள் நிறைய இருந்தன. தண்ணீர், பாம்பு, கூரை, மழையில் சறுக்கும் பாதை. மறுநாள் சாப்பிடும்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்றீர்கள். கடைசியில் நானே சரி என்றேன். வீட்டைப் பார்த்து அல்ல. ஜன்னலில் நின்ற உங்கள் முதுகைப் பார்த்து.

பத்திரம் முடிந்தது ஒரு சித்திரையில். பால் காய்ச்ச நாள் குறித்து, போதகரையும் என் தம்பி குடும்பத்தையும் அழைத்தாயிற்று. பால் கணப்பில்தான் காய வேண்டும் என்பது உங்கள் பிடிவாதம். முந்தின நாள் சுத்தம் செய்யப் போன நீங்கள் செய்யாமலே திரும்பி வந்தீர்கள்.

"தள்ளிப் போடணும். சிம்னியில மைனா குஞ்சு பொரிச்சிருக்கு."

"வெளியில கல்லு வெச்சுக் காய்ச்சினா பால் பொங்காதா?"

"ஜுவாலஜி டீச்சர் பேசற பேச்சா இது? எப்பப் பறக்கும், அதைச் சொல்லு."

"சொல்ல முடியாது. மூணு வாரம், நாலு வாரம்."

"அப்ப அதுவரைக்கும்."

எனக்கு அவமானமாக இருந்தது. போதகரிடம் என்ன சொல்வது? என் தம்பி வேறு, "மச்சான், மைனாகிட்ட பர்மிஷனுக்கு எழுதிப் போட்டாச்சா?" என்று கேட்டான். "போட்டாச்சு மாப்ளே, இன்னும் ரிப்ளை வரல" என்றீர்கள். அந்தக் கிழவரும் இப்படித்தான், பனி விட்டதும் புகைபோக்கியில் பறவை கூடு கட்ட, குஞ்சு பறக்கும்வரை வாசலில் சமைத்தார் என்று என்னிடம் சொன்னீர்கள். அதுவரை ஒருமுறைகூடச் சொல்லாத கதை. மேலும், நீங்கள் அங்கே இருந்தது குளிர்காலத்தில். அந்தக் கணத்தில் இட்டுக்கட்டியது என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பாய் இதை மார்க்கெட் முழுவதும் பரப்பிவிட்டார். காய்கறி வாங்கப் போனால், "இன்னா மேடம், மைனா பறந்துச்சா?" என்று கேட்பார்கள். நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பறந்தது. ஒரு மழைச் சாயங்காலம் நெருப்பு மூட்டினீர்கள். அந்தக் கார்டு காலண்டர் படத்தில் வெளிப்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும். புகை மேலே போகாமல் முழுவதும் அறைக்குள் வந்தது. போதகர் ஜெபத்தைப் பாதியில் விட்டு வெளியே ஓடினார். குழந்தைகள் இருமிக்கொண்டே சிரித்தன. பால் பொங்கும்வரை நீங்கள் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தீர்கள். வெளியே வந்தபோது கன்னமெல்லாம் ஈரம். புகைதான் என்றீர்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நாம் அங்கே குடியிருக்கவில்லை. மேற்குத் தாம்பரத்து வீட்டிலேயே இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து நீங்கள் வந்ததும் பஸ் ஏறிப் பெருங்களத்தூரில் இறங்கி நடப்போம். பேக்கரி ரொட்டி, பூண்டு, மருந்துக் கடை எண்ணெய். புகைபோக்கியைக் கொத்தனாரிடம் காட்டிச் சரிசெய்திருந்தீர்கள். பாதிப் புகையாவது மேலே போயிற்று. நீங்கள் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் விடைத்தாள் திருத்துவேன். ஒரு நாள் தலை நிமிராமலே கேட்டேன்: "அப்ப இந்த வீடும் போட்டோதானா?"

ஒரு ரயில் போய் முடிந்தது.

"போட்டோதான்" என்றீர்கள். "ஆனா அந்த வீட்டுல நீ இல்லியே."

நான் அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டேன். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நான் அப்படிச் சொல்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இப்போதைய நிலைமை இது. குன்றின் அந்தப் பக்கம் கல் உடைக்கிறார்கள். விசில் ஊதி, சிவப்புக் கொடி காட்டி, வெடி வைக்கிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஓடு நகர்கிறது. குவாரி காண்ட்ராக்டருக்கு லாரிப் பாதை போட நம் சரிவு வேண்டுமாம். கேட்டு வந்தவர் நம் பாய்தான். கொடுத்துவிடு அக்கா என்கிறான் தம்பி. அவன் சொல்வதில் தப்பில்லை. இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை தனியாக ஏறிப்போய்ப் பூட்டைத் திறந்து, பெருக்கி, பூட்டிவிட்டு வருகிறேன். எனக்கு இத்தாலி தெரியாது. இங்கிலாந்தும் தெரியாது. அந்தக் கார்டுக்கு ஓர் ஏக்கம் இருந்தது, உங்களுக்கு ஓர் ஏக்கம் இருந்தது. நான் எந்த ஊருக்கும் ஏங்குகிறவள் அல்ல. விற்காமல் இருப்பதற்கு, ஒரு வகுப்பறையில் நின்று சொல்லக்கூடிய ஒரு காரணமும் என்னிடம் இல்லை.

நாளைக் காலை பாய் அங்கேயே வருகிறார். சரி என்று சொல்லப் போகிறேன். அதை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மார்கழிப் பனி விலகுவதற்குள் ஏறிவிட்டேன். பையில் ரொட்டியும் பூண்டும் அந்த டின்னும். பெருக்கினேன். கணப்புக்குள் குனிந்து மேலே பார்த்தேன். வெறும் கரி. உச்சியில் ஒரு சதுரம் வானம். பிறகு ஜன்னலில், நீங்கள் நிற்கும் இடத்தில், நின்றேன். ஏரி நிரம்பியிருந்தது. ஒரு ரயில் போனது. திரும்பி யாரிடமோ ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அறையில் யாருமில்லை.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். இப்போது தாடி முழுவதும் வெளுத்துவிட்டது.

"இன்னா மேடம், முடிச்சிடலாமா? காண்ட்ராக்டர் கீய ஜீப்புலயே கீறாரு. ஒரு வார்த்த சொன்னா போதும்."

சரி என்ற சொல் தயாராகத்தான் இருந்தது.

"கொஞ்ச நாள் ஆகும் பாய்" என்றேன். "சிம்னியில மைனா குஞ்சு பொரிச்சிருக்கு."

பாய் என்னையே பார்த்தார். "மார்கழிலயா?"

எந்த மாதத்தில் எந்தப் பறவை கூடு கட்டும் என்று இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். "ஆமாம்" என்றேன்.

அவர் துண்டைத் தரையில் போட்டு, மண்டியிட்டு, தலையைக் கணப்புக்குள் விட்டு மேலே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எழுந்து தொப்பியிலிருந்த கரியைத் தட்டினார்.

"ஆமா மேடம்" என்றார். "கீது."

"அவர்கிட்ட சொல்லிடுங்க."

"எப்பப் பறக்கும்னு கேட்டா?"

"சொல்ல முடியாது பாய்."

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கினார். காண்ட்ராக்டர் கீழே இறங்கி, நெற்றியில் கை வைத்து, நம் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஜீப் கிளம்பி ஏரிக்கரையில் திரும்பியது.

ரொட்டியை எடுத்துப் பூண்டைத் தேய்த்து எண்ணெய் ஊற்றிக்கொண்டேன். குளிராகத்தான் இருந்தது. நெருப்பு மூட்டவில்லை.