அல்சர் இல்லை அப்பா

என் தங்க அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் டாக்டராகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். இந்த வித்தியாசம் நம் பழவங்காடிக் கடைத்தெருவில் யாருக்கும் புரியவில்லை. நம் பாத்திரக்கடைக்கு அடுத்த பூக்கடைக்காரர் நேற்றே மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டுவிட்டார். நானும் சளைக்காமல், காலை நீட்டி உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது செய்தி அதைவிடப் பெரியது. தம்பி குமரேசன் நன்றாக இருக்கிறான். காலையில் ஆறு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு, கடைக்குப் போய் வெண்கல உருளியைத் தனி ஆளாகத் தூக்கி இறக்குகிறான். ஒருத்தன் இட்லி தின்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்திதான் அப்பா. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால், பன்னிரண்டு வருடமாக உங்களிடம் மறைத்த ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் வயிற்றிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்களே, அந்த ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பிரித்துப் படித்தது நான்தான். அப்போது பத்தாம் வகுப்பு முடித்து பிரீடிகிரி முதல் வருடம். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டு, "அப்பாட்ட அல்சருன்னு சொல்லு மக்கா. ஊருக்கும் அதுதான். நாளைக்கு ஒன்ன ஒருத்தன் தாலி கெட்டாண்டாமா?" என்றாள்.

உள்ளே வந்தேன். நீங்கள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள். "என்ன எழுதியிருக்கு மக்கா?"

"அல்சருப்பா. மருந்துல கொறைஞ்சிரும்."

அல்சர் இல்லை அப்பா. புற்றுநோய். உங்கள் வயிற்றில் இருந்தது புற்றுநோய். உங்கள் உடம்பைப் பற்றிய சேதி எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது, உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினீர்களே, நம்பித்தான் ஆட்டினீர்களா? அல்லது பெண்பிள்ளை சங்கடப்படக்கூடாது என்று ஆட்டினீர்களா?

நீங்கள் போன பிறகும் அந்தப் பொய் போகவில்லை. துஷ்டி கேட்க நாகர்கோவிலிலிருந்து வந்தவர்களுக்கும் அதைத்தான் சொன்னோம், பதினொரு வயதுக் குமரேசனுக்கும் அதைத்தான் சொன்னோம். "அப்பா சமயத்துக்குச் சாப்பிட மாட்டாரு, அல்சர் வந்துட்டு." அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பெரியவனாகிக் கடையில் உட்கார்ந்த பிறகும், மணி ஒன்று ஆனால் போதும், வாங்க வந்தவரை நிற்க வைத்துவிட்டுச் சோற்றுக்குப் போய்விடுவான். அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து அம்மாவுக்குப் பெருமை. எனக்கு ஒவ்வொரு நாளும் நெஞ்சில் சுருக்கென்று குத்தும்.

நான் இந்த ஆராய்ச்சிக்குப் போனதே உங்களால்தான். அடி முதல் நுனி வரை அந்த நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வெறி. நான் என்னதான் பார்த்தேன் என்று கேட்கிறீர்களா? நம் கடைப் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். பரணில் நல்ல பானை ஒன்று இருக்கிறது. ஓட்டை இல்லை, நசுங்கல் இல்லை. ஆனால் அதன் முன்னால் யாரோ மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் கொடுக்க முடியுமா? வயிற்றில் கட்டி வளராமல் காக்கும் சில ஜீன்கள் அப்படித்தான் முடங்கிப்போகின்றன. ஜீனின் எழுத்தில் ஒரு பிழையும் இல்லாமலே, மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருள் அதன் மேல் போய் உட்கார்ந்து வாயை அடைத்துவிடுகிறது.

அதை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது பெரும்பாலும் வயிற்றில் வருடக்கணக்காகக் குடியிருக்கும் ஒரு கிருமி. கிருமியால் புண், புண்ணால் அழற்சி, அழற்சியோடு இந்த அடைப்பு. புற்றுநோய் தலைகாட்டுவதற்கு வெகுகாலம் முன்பே இது தொடங்கிவிடும். அப்படியென்றால் முன்கூட்டியே பார்க்கலாம், கிருமியை விரட்டலாம். இதை முதன்முதலில் படித்த அன்று நூலகத்தில் என்னை அறியாமல் மேஜையில் ஓங்கித் தட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

பழைய நோயாளிகளின் சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து எங்களுக்குத் தருவார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதில் ஒன்று உங்களுடையதாகக்கூட இருந்திருக்கலாம். அதனால் எந்த மெழுகுக்கட்டியையும் நான் அலட்சியமாகக் கையாண்டதில்லை. லேபிள் தப்பாக ஒட்டி வந்த சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த விஷயத்தில் ஆய்வகத்தில் என்னைக் கண்டால் எல்லோருக்கும் பயம்.

அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

போன வருடம் குமரேசனுக்கு வயிறு வலிக்கத் தொடங்கியது. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் மருந்துக்கடையிலேயே மருந்து வாங்கிக் குடித்திருக்கிறான். தெரிந்ததும் நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். வீட்டில் யாருக்காவது வயிற்றில் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார். அம்மா வாயைத் திறக்கும் முன்பே நான் முந்திக்கொண்டு, அப்பாவுக்கு அல்சர் என்று மலையாளத்திலேயே சொன்னேன். "இல்ல டாக்டர். அச்சனு அல்சர் ஆயிருந்நு."

பதினொரு வருடப் பழக்கம் அப்பா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. இளவயசுதானே என்று டாக்டரும் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நோயையே கரைத்துக் குடிக்கிறேன் என்று பெருமையடித்துக்கொள்கிற நான், பெற்ற அப்பாவுக்கே தப்பான லேபிளை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன்! சீ என்று ஆகிவிட்டது.

திரும்பி ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் திட்டத் திட்ட உள்ளே புகுந்து, "பொய் சொல்லிட்டேன் டாக்டர். எங்க அப்பாவுக்கு வந்தது வயித்துல கேன்சர். அதுலதான் செத்துப்போனார்" என்றேன். படபடப்பில் மலையாளம் மறந்து தமிழிலேயே கொட்டிவிட்டேன். டாக்டருக்குப் புரிந்தது. சீட்டைத் திரும்ப வாங்கி, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க எழுதினார். அப்போதுதான் கவனித்தேன், எனக்குப் பின்னால் வாசலில் குமரேசன் நின்றுகொண்டிருந்தான்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். பிறகு, "அப்பம் நான் இத்தன வருசமா மணி பாத்துத் தின்னதெல்லாம் எதுக்குக்கா?" என்று கேட்டான். நான் அழுதேன். அவன் சிரித்தான், பிறகு அவனும் அழுதான். அம்மாவுக்குத்தான் ஆற்றாமை. அவனுக்கு நாகர்கோவிலில் பெண் பேசி முடித்திருந்த நேரம். "ஒன் வாயால அவன் கல்யாணத்தக் கெடுத்துப் போட்டியே" என்றவள், அதன்பின் வாரக்கணக்கில் என்னோடு பேசவில்லை.

ரிப்போர்ட் வந்த அன்று அவனை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் படித்து, தமிழில் அர்த்தமும் சொன்னேன். அழற்சி இருக்கிறது. கிருமி இருக்கிறது. புற்றுநோய் இல்லை! இல்லவே இல்லை! இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டான். பிறகு பார்த்ததில் கிருமியையும் காணோம். வலியும் போய்விட்டது. அவனே நாகர்கோவில் போய்ப் பெண் வீட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னான். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் செல்வி கேட்டாளாம்: "அதான் மருந்து தின்னாச்சுல்லா? பின்ன என்ன?" உங்கள் மருமகள் அப்படிப்பட்டவள் அப்பா. ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

போன வாரம் எனக்குக் கடைசிப் பரீட்சை. இங்கே அதைச் சபை கூட்டித்தான் நடத்துவார்கள், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அம்மா. பேராசிரியர்கள் கேட்டு ஓய்ந்த பிறகு, "வேறு யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் தலைவர். அது ஒரு சம்பிரதாயம், யாரும் கேட்க மாட்டார்கள். அம்மா எழுந்துவிட்டாள்.

"நான் இவ அம்ம. எனக்கு இங்கிலீஷ் அறியாது. எங்க வீட்டுக்காரருக்கு வயித்துல கேன்சர். அதுலதான் மரிச்சாரு. அது பிள்ளையளுக்கு ரத்தத்துல வருமா?"

அந்தச் சொல்லை அம்மா வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவும் சபையில், அத்தனை பேர் முன்னால். தலைவரிடம் அனுமதி கேட்டுத் தமிழிலேயே பதில் சொன்னேன். "சில குடும்பங்கள்ல வரும்மா. பெரும்பாலும் அப்படி இல்ல. ஆனா ஒரே வீட்டுல இருக்கவங்களுக்கு அந்தக் கிருமி ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்குப் பரவும். அதனால டாக்டர்ட்ட மறைக்காமச் சொல்லணும். சொன்னா, பார்த்துக் காப்பாத்திரலாம்."

"செரி மக்கா" என்று அம்மா உட்கார்ந்தாள். முதலில் கைதட்டியது யாரென்று தெரியவில்லை. பிறகு அரங்கம் முழுவதும் தட்டியது.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அப்பாக்கு நீயே எழுதிச் சொல்லிரு. நான்தான் மறைக்கச் சொன்னேன்னும் எழுது."

எழுதிவிட்டேன். அம்மாவைக் கோபிக்காதீர்கள், சொன்னது என் வாய். குமரேசனை டாக்டர் கூப்பிடும்போதெல்லாம் கூட்டிப்போவேன். நம் வீட்டில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும், அது யாருடையதோ அவர் முன்னால், அவருக்கே படித்துக் காட்டுவேன். சத்தியம்.

இப்படிக்கு,
வயிற்றுப் புற்றுநோயால் காலமான பாத்திரக்கடை ஆறுமுகத்தின் மகள்,
மீனாட்சி