நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை

ஞாயிறு, இரவு.

இப்படித்தான் ஆகும் என்று நான் காலையிலேயே சொன்னேன். கல்லாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தானுக்கு நெஞ்சு பிடித்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "முதலில் உட்காரும் அத்தான், பிறகு மாத்திரை" என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். கேட்கவில்லை. வலி சட்டென்று விட்டது. கூடவே பிரஷரும் இறங்கி, நின்றவாக்கில் விழுந்தார். நெற்றியில் தையல்.

"உட்கார வச்சிட்டல்லே கொடுக்கணும், சேட்டா?" என்றாள் ஆஸ்பத்திரியில் மலையாள நர்ஸ். நெஞ்சைக் காப்பாற்றுகிற மாத்திரையே ஆளையும் சாய்க்குமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

"தம்பி பேச்சைக் கேட்டா என்னவாம்?" என்று அக்கா அவரைத் திட்டினாள். அத்தான் என்னைப் பார்த்தார்.

நான் உட்காரச் சொல்லவே இல்லை. உட்கார்ந்தவரிடம் "எழும்பி நடந்தால் சரியாகும்" என்றுதான் சொன்னேன்.