தம்பி வீட்டில் லூசியா அம்மா சாப்பிட்டது

அன்புள்ள வால்டர் அவர்களுக்கு,

மனைவி அம்மு எழுதுவது. கல்மண்டபத்தில் நானும் மகள் ஹில்டாவும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் வாராவாரம் போட்டோவில் பார்க்கிறோமே. லிஸ்பனில் யார் யாரோ தங்கள் வீட்டிலேயே மேசை போட்டு, முன்பின் தெரியாதவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்களாம். துறைமுகத்தில் கிரேன் வேலை முடிந்ததும் நீங்கள் சந்து சந்தாகத் தேடிப்போய்ச் சாப்பிடுகிறீர்கள். நல்லது. போனில் இதைப் பேசினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

அப்படி ஒரு விருந்து வீடு நடத்தும் லூசியா அம்மா, நீங்கள் சொன்னபடியே போன வாரம் சென்னை வந்தார். நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவரோ, என் தம்பி குமாரவேல் வீடு எங்கே என்று கேட்டார். தூக்கிவாரிப்போட்டது எனக்கு. அவர் மேசையில் உட்காருகிறவர்கள் தங்கள் ஊரில் மறக்கவே முடியாத சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். நீங்கள் காத்திவாக்கத்தில் என் தம்பி வீட்டு இறாலைச் சொன்னீர்களாம்.

எந்த வாயால் சொன்னீர்கள்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு வாசலில் பைக்கை அணைக்காமல் நின்றதைத் தவிர, உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டதுண்டா? ஒருநாள் வயிறு சரியில்லை, ஒருநாள் அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கிறது, ஒருநாள் மாதா கோயில் பூசைக்கு நேரமாகிறது. ஹில்டா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அவர்கள் ஆசையாகக் கொண்டுவந்த குழம்பை உங்கள் அக்கா ஓரமாகத் தள்ளி வைத்தபோதும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

தம்பியிடம் சொன்னேன். "வரட்டும்க்கா, மாமா அனுப்ன ஆளு, வேணாம்னு சொல்ல முடியுமா?" என்றான். அவனே முகத்துவாரத்தில் இறங்கி இறால் பிடித்து வந்தான். அவன் மனைவி அங்கம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டாள். லூசியா அம்மா அதைத் தொடவில்லை. எங்களோடு தரையில் உட்கார்ந்து கையால் பிசைந்து, மூக்கு ஒழுக ஒழுக இன்னும் கேட்டார். அங்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் கேட்டார், வால்டர் வந்தால் எங்கே உட்காருவார் என்று. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் நான்தான் இரண்டு பக்கமும் சொல்லியாக வேண்டும். அங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு ஜன்னலோரம் கையைக் காட்டி, "மாமா இங்கதான் குந்துவாரு. எறான்னா உசுரு அவருக்கு. ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் துன்னுவாரு. சொல்லுக்கா" என்றான்.

சொன்னேன். அந்த இடத்தை லூசியா அம்மா போட்டோ எடுத்துக்கொண்டார். உங்களிடம் காட்டுவார், பாருங்கள்.

திரும்பும்போது எண்ணூர் பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னவென்று கேட்டார். காரம் என்றேன்.

நாளை ஊருக்குக் கிளம்பும் அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது தம்பி உங்களைக் கூப்பிடுவான். அவன் எப்போதும் கூப்பிடுகிறவன்தான். உங்களால் முடியாதென்றால் இப்போதே எழுதிவிடுங்கள். அன்றைக்கு அவன் தொழிலுக்குப் போகாமல் காத்துக்கொண்டிருப்பான்.

மாதா உங்களை நல்லபடியாக வீடு சேர்க்கட்டும். என் தம்பி பொய் சொல்லிப் பழகாதவன், வால்டர். அவனைப் பொய்யனாக விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மு