பாதி மாத்திரை

14 மார்ச் 2006, செவ்வாய்

சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகம் தழும்பேறுவதைத் தடுக்கும் புதிய மருந்தை எங்கள் மருத்துவமனையில் சோதித்து வருகிறோம். பாதிப்பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது வழங்கும் எனக்கும் தெரியாது. ஊர்விட்டு வேலைக்கு வந்து கராமா பகுதியில் ஒரே அறையில் தங்கியிருக்கும், இந்தச் சோதனையில் சேர்ந்துள்ள முருகேசனும் அந்தோணியும் மாத்திரைகளை உடைத்து ஆளுக்குப் பாதியாக விழுங்கி வந்ததாக இன்று சொன்னார்கள்.

"ரூம்ல சோறே பங்குதான் சார். யாருக்கு டூப்பு வந்தாலும் பாதியாச்சும் நெசம் உள்ள போவும்ல?" என்று முருகேசன் சிரித்தார்.

"வெளிய மட்டும் தள்ளிராதீங்க சார்," என்றார் அந்தோணி.

விதிப்படி இருவரையும் நீக்க வேண்டும். மறைத்தால் ஆய்வே பொய்யாகிவிடும். ஆனால் இருவருக்கும் சிறுநீரில் வெளியேறும் புரதம் குறைந்திருக்கிறது; சிறுநீரகம் தேறுவதன் அறிகுறி அது. நாளை தலைமை மருத்துவரிடம் சொல்லியே தீர வேண்டும். அது தெரிந்தும், அடுத்த மாதத்துக்கான மாத்திரைகளை இருவரிடமும் கொடுத்தே அனுப்பினேன்.