ஐந்து மாதமாகத் தறியை விட்டு எழவில்லை

அம்மாவுக்கு ஜெயப்ரியா ஆரணியிலிருந்து எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? வீட்டுப் போன் அண்ணன் கையில் இருப்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தங்கி நெய்யும் வீட்டுத் தறிக்கார அக்கா மட்டும் தாலி இல்லாத என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயப்படாதே. இந்த வீட்டில் தூரமானால் மூன்று நாள் பட்டுத் தறியைத் தொடக்கூடாது. எனக்கு ஐந்து மாதமாக வரவில்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் தினமும் தறியில் உட்கார்ந்தேன். அக்கா கவனித்துவிட்டார்.

"இன்னாடி, ஒரு மாசம்கூட ஒதுங்கல? யாருடி அவன்?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். இங்கேயே நெய்யும் நம் தெரு அம்சாவும் அங்கே இருந்தாள். அன்றைக்கே என்னை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனார்.

டாக்டரம்மா, "கொழந்த எதுவும் இல்லம்மா. முட்டைப்பையில குட்டிக் குட்டி நீர்க்கட்டியா தெரியுது. ரத்தத்துல ஹார்மோன் எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டு மாத்திரை தரேன். நெறைய பொண்ணுங்களுக்கு இருக்கறதுதான்" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா, "மனசுல வெச்சிக்காத, டீ குடிக்கிறியா?" என்றார். குடித்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள் அனுப்பு. தாடையில் முடி வருகிறது. உன் பழைய புடவை ஒன்றும் அனுப்பு, போர்த்திக்கொள்ள.

அம்சா ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறாள். அவள் என்ன சொல்வாளோ தெரியவில்லை. நீயாவது என்னை நம்புவாய் என்று தெரியும். இருந்தாலும் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

ஜெயப்ரியா